இரண்டாவது குழாய்

சோஹார். விசா மெடிக்கல்.
டோக்கன் நூற்றுப் பதினேழு.
சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டுகிறவர்.
எழுபது மீட்டர் உயரத்தில் ஒற்றைக் குழாய்மேல் நடக்கிறவர்
என் ஊசிக்கு
வெளுத்து, வியர்த்து,
முதல் குழாய் பாதி நிறையுமுன்
நாற்காலியோடு சரிந்தார்.

வரிசையில் சிரிப்பு.
மலையாளம், உருது, வங்காளம்,
எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு.

அவர் கால்களைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.
மாசானமுத்து, இதில் வெட்கமில்லை.
உள்ளே ஒரு நரம்பு
பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதித்துவிட்டது.

வேகஸ் என்று பேர்.
வேகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
இதயத்திடம்
மெல்லப் போ, மெல்லப் போ என்பதே பிழைப்பு.

மண்டையோட்டின் அடியில் ஒரு துளைவழி வெளியேறி
கழுத்துத் தமனியோடு தோள் உரசி இறங்கி
இதயத்தைத் தொட்டு, நுரையீரலை விசாரித்து,
உணவுக்குழாயின் நிழலில் உதரவிதானம் கடந்து
இரைப்பை, ஈரல், கணையம்,
பெருங்குடலில் பாதிக்கும் மேல்.
ஊர்சுற்றி.
லத்தீனில் அந்தப் பேருக்கு அர்த்தமே அதுதானாம்.

அதிலும் ஒரு கிளைக்குக் கிறுக்கு.
போகவேண்டியது குரல்வளைக்கு.
குரல்வளையைத் தாண்டி நெஞ்சுவரை இறங்கி
பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு
மறுபடி மேலே ஏறும்,
மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் போக
தோஹாவில் இறங்கி ஏறும்
மலிவு டிக்கெட் மாதிரி.

ஐந்து இழையில் நான்கு
கீழிருந்து மேலேதான் பேசுமாம்.
மூளை சொல்வது கொஞ்சம்.
வயிறு சொல்வதைத்தான் அது
நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கண் திறக்கிறார்.
"ரூம்காரங்ககிட்ட சொல்லிராதீங்க சிஸ்டர்."

சொல்லமாட்டேன். சாப்பிட்டீங்களா?

"சாப்பிட்டேன்."

அந்தச் சொல் கரகரத்து வந்தது.
அதைத் தொண்டையில் அசைத்ததும்
காலையிலிருந்து காலியான இரைப்பையைப் பிசைவதும்
ஒரே நரம்பு.
குரலுக்கும் குடலுக்கும் நம் மொழியில்
ஓர் எழுத்துதான் தூரம்.
ராத்திரி போனில் இதே சொல்லைச் சொல்வீர்கள்.
திசையன்விளையில் ஒருத்தி நம்பமாட்டாள்.
அவள் எந்தப் பாடப்புத்தகமும் பார்த்ததில்லை.

இரண்டு பேரீச்சம்பழம். ஒரு லபான்.
இப்போது அடுத்த கை.
என்னைப் பார்க்காதீங்க, சன்னலைப் பாருங்க.

ஆலையின் தீச்சுடர் பகலிலும் எரிகிறது.
அதற்கு இடப்பக்கம், மூன்றாவது கோபுரம்,
அந்தச் சாரம் நான் கட்டியது என்கிறார்.
எது, எது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.
குழாய் நிறைகிறது.