முன்னிருப்பு

போன வருஷம் விண்டோசுக்குக் காசு கட்ட மனமில்லாமல்
தங்கை மகனைப் பிடித்து லினக்ஸ் ஏற்றினார்
எங்கள் மில் முதலாளி வயிரவன்.
அதிலிருந்து பில்லைத் தட்டினால்
படம் வரைகிற ஜிம்ப்தான் எழுந்து வருகிறது.
எத்தனை பக்கம், எவ்வளவு துல்லியம் என்று கேட்கிறது.
பதினேழு டன் புழுங்கலரிசிக்கு
என்ன துல்லியம் சொல்ல?

எடைமேடைக் கோப்பு இன்னும் மோசம்.
இரண்டு தட்டு தட்டினால்
சுட்டி ஒரு சுற்று சுற்றும்,
அவ்வளவுதான்.

வெளியே பாலக்காட்டு லாரி.
ஷாஜி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சாத்தையா இல்லையா என்கிறார்.
சாத்தையா திருப்பூருக்குப் போய் எட்டு மாதம்.
அது அவருக்கும் தெரியும்.
ஆனாலும் புதுவயல் மில் வாசலில் வந்து நின்றால்
அவர் வாய் அந்தப் பெயரில்தான் திறக்கிறது.

வலது பக்கம் தட்டினேன். பண்புகள். இதில் திற.
யாரோ புண்ணியவான் தமிழில் எழுதி வைத்திருக்கிறான்:
முன்னிருப்புச் செயலி.

முன்னிருப்பு
நான் தினமும் காலையில் எழுதுகிற சொல்.
நேற்றைய கல்லாவின் மிச்சம்
இன்றைய பக்கத்தின் தலையில் ஏறும்:
முன்னிருப்பு, ரூபாய் நாலாயிரத்து இருநூற்றுப் பத்து.
இங்கே அதற்கு வேறு பொருள்.
யாரும் எதுவும் சொல்லாதபோது
யார் எழுந்து வருவது என்பது.

பட்டியல் இருக்கும் அடைவுக்குப் பெயரே புள்ளியில் தொடங்குகிறது.
தமிழில் புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலாகாது.
இங்கே ஆகிறது,
ஆனால் அப்படிப்பட்ட பெயர் கண்ணுக்குத் தெரியாது.
கன்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அழுத்தினேன்.
ஒளிந்திருந்ததெல்லாம் பல் விளக்காத முகத்தோடு வந்து நின்றது.

திறந்தால் நம்ம பேரேடு மாதிரிதான்.
இடது பக்கம் சரக்கு, நடுவில் சமக்குறி, வலது பக்கம் ஆள்.
எடைக் கோப்புக்கு எதிரே
எப்போதோ கழற்றிப்போட்ட ஒரு புரோகிராம்.
பெயர்ப்பலகை இருக்கிறது, கடை இல்லை.
சாத்தையா வைத்துவிட்டுப் போனது.

இன்னொன்றும் கண்டேன்.
பெயரின் வாலில் தொங்கும் மூன்றெழுத்தை மட்டும்
இது நம்பிக்கொண்டிருப்பதில்லை.
வால் இல்லாவிட்டால் உள்ளே குத்திப் பார்க்கிறது,
சிப்பத்தில் குத்தூசி இறக்கி
உள்ளங்கையில் நாலு அரிசி வாங்குவது போல.
அதற்குப் பிறகு
எனக்கு இதன்மேல் கோபம் கொஞ்சம் தணிந்தது.

வலது பக்கத்தை அழித்தேன், எழுதினேன்.
பில்லுக்கு எவின்ஸ். எடைக்குக் கால்க்.
சேமித்துவிட்டுத் தட்டினேன்.
மொத்தம் இருபத்து நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
காலி லாரி ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது.
நிகரம் பதினேழாயிரத்து இருபது.
ஷாஜி பில்லை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.
போகிறேன் சாத்தையா என்று
என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

மோட்டார் புகைந்தால் இந்தச் சன்னல்.
பாய்லருக்கு உமி தீர்ந்தால், கரண்ட் போனால்,
சல்லடைக்காரப் பேச்சியின் மகனுக்குக் காய்ச்சல் என்றால்
இந்தச் சன்னல்.
முதலாளி அறை நாலடி தள்ளித்தான், கதவும் திறந்துதான்.
என் பெயரை
அத்தனைக்கும் எதிரே எழுதியது யார்?
அந்தக் கோப்பு எந்தப் புள்ளிக்குப் பின்னால்?

ஒரே ஒரு வகையை மட்டும் காலியாக விட்டேன்,
ராத்திரி பதினொன்றுக்கு முதலாளி அனுப்பும் குரல் கோப்புகளை.
தட்டுகிற ஒவ்வொரு தடவையும்
எதில் திறப்பது என்று என்னைக் கேட்கட்டும்.
யோசித்துச் சொல்கிறேன்.

மறுநாள் காலை
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார் வயிரவன்.
அமலி, முன்னிருப்பு என்னாச்சு?

மாத்திட்டேன், ஐயா.

அவர் கல்லாவை இழுத்து
எண்ண ஆரம்பித்தார்.