எடைச்சீட்டு

கழனிவாசல் அரிசி மண்டியில்
நான் எழுதுவது முழுக்க எடைதான்.
மூட்டை, சாக்கு, கழிவு,
கடைசிக் கட்டத்தில் நிகரம்.
அதனால் செக்காலை ரோட்டு ஆஸ்பத்திரியில்
தராசில் ஏறச் சொன்னபோது
எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.
நர்ஸ் ஸ்டெல்லா எழுதினாள்:
தெய்வானை, முப்பத்தொன்று,
நாற்பத்தொன்பது கிலோ அறுநூறு.
போன மாதத்துக்கு முந்நூறு குறைவு.

பொழுது சாய்வதற்குள்
முந்நூறு கிராமும் தேவகோட்டை வரை போய்விட்டது.
ஓ.சிறுவயலிலிருந்து நாத்தனார் அழைத்தாள்:
'ரெண்டு பேருக்குச் சாப்பிடு.'
இரண்டாவது ஆள்
எலுமிச்சம்பழத்தனை இருக்கும் என்றார்கள் ஸ்கேனில்.
எலுமிச்சம்பழத்துக்கு எத்தனை இட்லி வைப்பது?

குடும்பக் குழுவில் பட்டியல்கள் வந்தன.
எள் ஆகாது. எள் நல்லது.
அன்னாசியைப் பார்க்கவே கூடாது.
குங்குமப்பூ கட்டாயம், நிறத்துக்கு.
எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டுவிட்டு
வாளியைத் தேடி ஓடினேன்.

அப்போது உள்ளே தங்கியவை மூன்றே மூன்று:
ஆறிப்போன இடியாப்பம்,
உப்புப் போட்ட மோர்,
ஐந்து விளக்குப் பக்கம் வண்டியில் விற்கும் அவித்த கடலை.
வெங்காயம் வதங்கும் வாசம் மட்டும் ஆகவே ஆகாது.
சாத்தப்பன் அடுப்பை மொட்டைமாடிக்கு ஏற்றினார்.
ஒருநாள் மழை.
குடை பிடித்துக்கொண்டு வதக்கினார்.
மூன்றும் தங்குகிறதே, பிறகென்ன, என்றார் டாக்டர்;
மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.

ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
பசி வந்தது.
மண்டி வாசலில் லாரி பின்னால் வருகிற மாதிரி
பீப் பீப்பென்று சத்தம் போட்டுக்கொண்டு.
பதினொன்றரைக்கே தூக்கைத் திறந்தேன்.
கீரை, பருப்பு, அவித்த முட்டை, அவ்வளவும் காலி.
லோடுமேன் காசிலிங்கம் தன் தூக்கிலிருந்து
நெத்திலிக் குழம்பை மூடியில் ஊற்றி நீட்டினார்.
கேட்கவில்லை நான்,
பார்த்திருப்பேன் போல.

பிறகு எடை ஏறியது.
குறைந்தபோது வந்த அதே போன்கள்
ஏறியபோதும் வந்தன.
'இப்படியே போனால் பிள்ளை பெரிசாகிப்போகும்.'
கவுனியரிசியைக் கிண்டிக்கொண்டே
ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.
தேங்காய்ப்பூ கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன்.

மாசி மாதம் பிறந்தாள்.
இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது.
நிகரம்.

பத்தியத்தோடு எனக்குச் சண்டையில்லை.
பூண்டுக் குழம்பை இன்னும் ஊற்று என்றேன்.
பால்சுறாப் புட்டு வந்த அன்று
யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.
சண்டை தண்ணீரில்தான்.
'நிறையக் குடித்தால் வயிறு சரிந்துபோகும்'
என்று சொம்பைத் தள்ளி வைத்தாள் சின்னத்தை.
பால் கொடுத்துக் கொடுத்து
நாக்கு சாக்கு மாதிரி ஆகியிருந்தது.
எழுந்து போய் எடுத்துக்கொண்டேன்.
அண்ணாந்து, அவள் முன்னாலேயே,
முழுச் சொம்பு.
வயிறு அதன் பாட்டுக்கு இருந்தது,
நேற்று வரை ஓர் ஆள் குடியிருந்த வீடு;
உடனே பூட்டிச் சாவி கேட்டால் எப்படி?

நேற்று ராத்திரி மூன்று மணி.
அவளுக்கும் பசி, எனக்கும் பசி.
அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து
அவளை மார்பில் போட்டுக்கொண்டேன்.
சம்புடத்தில் கந்தரப்பம் இருந்தது,
பேரிட்ட அன்றைக்குச் சுட்டது, ஓரம் முறுகலாக.
அவள் தலையில் துணுக்கு உதிராமல்
முகத்தைத் திருப்பித் திருப்பித் தின்றேன்.

சட்டென்று அவள் விட்டுவிட்டாள்.
யாரும் அளவு சொல்லவில்லை.
கடைவாயில் ஒரு கோடு பால்,
உள்ளங்கை விரிந்து கிடந்தது,
இனி வேண்டாம் என்பதில் ஒரு கூச்சமும் இல்லை.
'எவ்வளவு குடிச்சிருப்பா?' என்றார் சாத்தப்பன்,
தூக்கக் கண்ணோடு.
தெரியாது என்றேன்.
எடை எழுதிப் பிழைக்கிறவள் சொல்கிற பேச்சா அது,
இருந்தும் சொன்னேன்.

என் கையில் இரண்டாவது அப்பம், பாதி.
பார்த்தேன்.
எனக்கும் போதும் போலிருந்தது.
சம்புட மூடியில் வைத்தேன்.

அவர் எடுத்துத் தின்றார்.