ஒரு கால்

மலைமட்டக் குதிரை வளர்ப்போர் சங்கத்தின்
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
மூன்று பாஷையிலும் எழுத வேண்டும்.
கைக்கு மூவாயிரம், ஒரு பணிஸ், ஒரு பிளேன்டீ.

நுவரெலியாவில் அன்று விடிந்ததே தெரியவில்லை.
பந்தயத் திடலின் வெள்ளை வேலியைக்
கட்டை கட்டையாக அழித்துக்கொண்டு வந்த மூடுபனி
மண்டபத்துக் கண்ணாடியில் நின்று எட்டிப் பார்த்தது,
சந்தா கட்டாத உறுப்பினர் மாதிரி.

நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது:
குட்டி ஊக்கத்தொகைத் திட்டம், விதி ஒன்பதுக்குத் திருத்தம்.
பழைய விதி,
பதிவு பெற்ற பொலிக்குதிரைக்குப் பிறக்கும்
ஒவ்வொரு குட்டிக்கும்
வளர்ப்பவருக்கு அறுபதாயிரம் ரூபாய் வழங்கப்படும்.
புதிய விதி,
வழங்கப்படலாம்.

அவ்வளவுதான்.
நிதி நிலைமை, கொள்ளு விலை,
கணக்காய்வாளரின் நாலு பக்கக் கடிதம்,
எல்லாம் இந்த ஒரு 'லா'வின் முதுகில் பூட்டிய சேணம்.

"யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லையே" என்றார்
தலைவர் விஜேகோன்.
"இருக்கென்றும் சொல்லவில்லையே" என்றார் துவான் ரஸீன்.
லாடம் அடிக்கிறவர். வாக்கு இல்லாதவர்.
அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார் செயலாளர்.
சேர்க்கவில்லை.
இங்கே சேர்க்கிறேன்.

பின்வரிசையில் அடைக்கலம் எழுந்தார்.
ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டும் பவுனு
பத்து மாதச் சினை.
கையில் மூன்று தவணை ரசீது, மழையில் நனைந்து காய்ந்தவை.
"வயித்துல தங்குனப்போ 'படும்'னு இருந்துச்சுங்க.
தரையில விழுறப்போ 'படலாம்'னா
குட்டி எந்த விதிக்குப் பொறந்தது?"

யாரோ சிரித்தார்கள், பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.
பிறந்த திகதியே கணக்கு என்று முடிவானது.
ஏப்ரல் முதலாம் திகதி முதல் அமுல்.

எதிர்த்து உயர்ந்த கை பதினொன்று.
ஆதரித்து ஆறு.
கூடவே, கொழும்பிலிருந்து வந்த கோப்பொன்றில்
பதிலாள் வாக்குகள் பதினெட்டு.
காகிதங்களுக்குக் குளிராது.

நான் பிறந்தது லயத்தில். பவுனு நிற்பது லாயத்தில்.
என் அடையாள அட்டை விண்ணப்பத்தில்
எழுதுவினைஞர் ஒருவர் முகவரிக்கு ஒரு கால் கூடப் போட்டு
என்னைக் குதிரையோடு கட்டிவிட்டார்.
அந்தக் காலை எடுக்க
எனக்கு இரண்டு வருடம், ஏழு பஸ் பயணம், ஒரு சத்தியக் கடதாசி.
இங்கே, இந்த மண்டபத்தில்,
ஒரு காலைப் போட நாற்பது நிமிடம்.
பிளேன்டீ ஆறக்கூட இல்லை.

மார்ச் முப்பத்தொன்று.
நடுச்சாமம் தாண்டி என் தொலைபேசி அதிர்ந்தது.
அடைக்கலம் ஒரு படம் அனுப்பியிருந்தார்.
டோர்ச் வெளிச்சம், வைக்கோல், பவுனின் உயர்ந்த வால்,
அதன் கீழே வெளியே நீண்ட
ஈரமான ஒரு முன்னங்கால்.
எடுத்த நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு.

பத்து நிமிடம் கழித்து எடுத்த அடுத்த படத்தில்தான்
மிச்சக் குதிரை.
பெண் குட்டி. நெற்றியில் சுட்டி இல்லை.
"டீச்சர், இது பொறந்தது எப்போ?" என்று கேட்டிருந்தார்.
நான் டீச்சர் இல்லை.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
பிறந்த திகதிக்கு ஒரு கட்டம்.
நேரத்துக்குக் கட்டமில்லை.
எந்தக் கால் முதலில் என்றும் யாரும் கேட்கவில்லை.
பேனாவை மூடி வைத்துவிட்டு
அடுத்த கூட்டத்து நிரலைத் தட்டச்சு செய்தேன்:
முதலாவது, 'பிறப்பு' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம்.
முன்மொழிபவர் அடைக்கலம்.
வழிமொழிபவர் இடம் வெறுமை.
எனக்கும் வாக்கில்லை.

மூன்று ரசீதோடு
முதல் படத்தையும் சேர்த்துக் குத்தினேன்.
பின்னிணைப்பு அ:
மண்ணைத் தொடாத, மெழுகு போல் மெதுவான
மஞ்சள் குளம்பு.
தலைவருக்கு ஒரு பிரதி,
கோப்பிலுள்ள பதினெட்டுப் பேருக்கும்
தனித்தனியே ஒவ்வொரு பிரதி,
வண்ணத்தில்.