பங்காளி முறை

இருமல் அடங்கவில்லையென்று
ஒன்பது மணி மாத்திரையைப்
பதினொன்றுக்கு இன்னொரு தரம் விழுங்கினேன்.
ஒன்று கேட்டால் இரண்டு கேட்காதா?

கேட்டது.
நெஞ்சுக்குள் யாரோ
காலி வறுவல் உருளையைச் சுற்றினார்கள்.
விரல் நடுங்கி டார்ச் விழுந்தது.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய ஜீப்பில்
எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்து
வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தாள்.
நான் கொண்டை ஊசிகளை எண்ணினேன்:
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
பதினாறில் நான் இருந்தபோது
அவள் நூற்று முப்பதைத் தாண்டியிருந்தாள்.

சேலம் பெரியாஸ்பத்திரியில்
தூக்கம் கலைந்த டாக்டர் கேட்டார்:
"ஒரு நாளைக்கு எத்தனை காபி?"
"குடிப்பதா, ருசி பார்ப்பதா?"
பேனாவைக் கீழே வைத்தார்.

இருபத்தாறு வருஷம் கொட்டை வறுத்த
புகை தின்ற நுரையீரல் இது.
மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தும் காபியும்
பங்காளி முறையாம்.
சேர்ந்துவிட்டால்
நெஞ்சை உட்கார விடாதுகளாம்.
திடீரென்று திணறினால் பம்ப்தான், மாத்திரை இல்லை.
ஒரு வேளை மறந்தால் மறந்ததுதான்,
அடுத்த வேளைக்கு இரண்டாய் ஈடுகட்டாதே என்றார்.

இப்போது வேளையைக்
காலண்டர் தாளில் எஸ்தர் கிறுக்குகிறாள்.
வெந்நீர் குடிக்கிறேன்.
கெட்டிப்பட்டுக் கிடந்த சளி இளகி
வெட்கமில்லாமல் வெளியே வருகிறது.

இன்று காலை
புது அரபிகா மூட்டை பிரித்தோம்.
ஒரு கரண்டி உறிஞ்சி
நாக்கில் சுழற்றி
துப்பினேன்.

கொஞ்சம் உள்ளே போய்விட்டது.
செவ்வாய்க்கிழமை டாக்டரிடம்
அதையும் சொல்ல வேண்டும்.