எழுத்தில் பதினான்கு

வேதியியல்:
எழுத்துத் தேர்வில் பதினான்கு,
செய்முறையில் இருபது,
அகமதிப்பீடு எட்டு.
கூட்டினால் நாற்பத்திரண்டு.

முப்பத்தஞ்சு போதும்னாங்களே என்றார் அப்பா,
நிழல் கழிக்க ஏறிய சில்வர் ஓக்கிலிருந்து
இறங்காமலே.
அண்ணாந்தபடி விளக்கினேன்:
மொத்தம் முப்பத்தைந்து வேண்டும்,
அதற்குள் எழுத்தில் மட்டும்
தனியாகப் பதினைந்து வேண்டும்.
"ஏழு மிச்சம் இருக்குல்ல,
அதுல ஒண்ண எடுத்து அங்க போடச் சொல்லு.
ரேஷன்லயே
அரிசிக்குப் பதிலா கோதுமை தர்றான்."
ஒரு கிளை முறிந்து
என் பக்கத்தில் விழுந்தது.

ரெஜினா டீச்சர் மலையேறி வந்தது ஜனவரி பாதியில்.
அதுவரை எங்கள் வேதியியல் வகுப்பில்
கணக்கு சார் உட்கார்ந்து
பத்தாம் வகுப்புத் தாள் திருத்துவார்.
பதினெட்டுப் பேருக்கு இரண்டு ப்யூரெட்,
ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது.
பத்தொன்பது புள்ளி நான்கு வரை
குடுவையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.
அடுத்த சொட்டு.
முழுக் குடுவையும் இளஞ்சிவப்பு,
குலுக்கினேன், போகவில்லை.
அந்த ஒரு சொட்டுக்குத்தான்
இருபதுக்கு இருபது.

வருகைக் கணக்கு லூர்துசாமி சாரிடம்.
எழுபத்தைந்து சதவீதம், அதற்குக் கீழே போனால்
ஹால் டிக்கெட் கிடையாது என்று
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவார்.
காபி பழுத்த மாதத்தில்
எனக்கு மீதி இருந்தது ஒன்பது நாள்.
அம்மாவுக்குக் கொடுத்தது ஆறு.
காய்ச்சலுக்கு மூன்று.
காய்ச்சல் நான்காம் நாளும் நின்றது.
போனேன்.
"உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டு
பெஞ்சில் தலையை வைத்தேன்,
மணியடித்தபோதுதான் எடுத்தேன்.

பெயர்ப்பட்டியலில் அப்பா ஆண்டியப்பன்,
ஆதாரில் ஆண்டியப்ப, ன் இல்லை.
அந்த ன்னுக்காக இரண்டு நாள் கூலி போனது.
அது கிடைத்தது.
கிடைக்காதது ஒரே ஒரு ஒன்று.

ஏரிக்கரைக் கடையில் விடைத்தாள் நகலை
அச்செடுத்துப் பார்த்தேன்.
கூட்டல் சரி. திருத்தியது சரி.
யாராவது தப்பு செய்திருப்பார்கள் என்று
அத்தனை பக்கமும் தேடினேன்.
ஒன்பதாம் கேள்வி, ஒரு மதிப்பெண்.
விடை தெரியும்,
பிறகு எழுதலாம் என்று இடம் விட்டிருந்தேன்.
இடம் அப்படியே இருந்தது.
அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு,
நேராக, கோபமில்லாமல்.

துணைத்தேர்வுக்கு ஆறரை மணி பஸ்.
வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகை,
மேலே வளைவின் எண், கீழே மொத்தம்.
20/20
19/20
இறங்கும்போது எல்லோரும்
முழு மதிப்பெண்ணில்தான் தொடங்குகிறோம்.
அடிவாரத்தில் ஒன்று.

சேலத்தில் வெயில்.
நாகலூர்க்காரி நான் மட்டும் ஸ்வெட்டரோடு.
வினாத்தாள் வந்ததும்
முதலில் ஒன்பதாம் கேள்வியை எழுதினேன்.
அது எனக்குத் தெரியாத கேள்வி.
இருந்தாலும் எழுதினேன்.
கடைசி மணிக்கு முன்
எல்லாப் பக்கத்தையும் விரலால் தடவினேன்,
எங்கும் இடம் இல்லை.

திரும்பும்போது மேலே மரலாரி ஒன்று
குறுக்கே மாட்டிக்கொண்டது.
எங்கள் பஸ் நின்ற இடத்தில் பலகை: 14/20.
நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை,
ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்தேன்.
கண்டக்டர் பீடி பற்றவைத்து,
"ஒரு மணி நேரம் ஆகும்,
அவசரம்னா நடங்க" என்றார்.

அவசரம் ஒன்றுமில்லை.
முடிவு வர இன்னும் ஒரு மாதம்.
ஆனாலும் இறங்கினேன்.
ஹால் டிக்கெட் சுருண்டு பையில் இருந்தது.
லாரியைத் தாண்டி, ஈரப் பாறையைப் பிடித்து,
மேலே போனேன்.

பதினைந்தாம் வளைவின் சுவரில்
ஒரு குரங்கு உட்கார்ந்து
யாருடையதோ தயிர்சாத டப்பாவைத்
திறக்கத் தெரியாமல்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.
கொஞ்சம் தள்ளி நானும் உட்கார்ந்தேன்.