ஓதம் திரும்புமுன்

ஞாயிறு, ஒன்பது மணிக்குத் தண்ணீர் விலகிவிட்டது.
சுவரில் தோள் சாய்த்து
அடிக்கட்டையை மணலில் ஊன்றி நின்றது பெர்னிக்.
பாறையை விடாத ஒரு சிப்பியின் பெயர் அது.
மூன்று மணிக்குக் கடல் வந்துவிடும்.
பிரெத்தானிக் கரையில் அது
யாருக்கும் தவணை தருவதில்லை.

முந்தின மாலை
துறைக்குள் நுழைந்து பின்கியர் போட்டதும்
அடியில் ஒரு டங்.
எஞ்சின் ஓடியது, படகு ஓடவில்லை.
கியர்ப்பெட்டியின் பிடியிலிருந்து
தண்டு உருவிக்கொண்டு பின்னால் நழுவ,
புரொப்பெல்லர் போய்ச் சுக்கானில் முட்டி நின்றது.
முட்டாதிருந்தால்
தண்டு கடலுக்குள்ளும்
கடல் எங்களுக்குள்ளும் போயிருக்கும்.

எங்களுக்கு என்று எழுதிவிட்டேன்.
நான் தனியாகத்தான் இருந்தேன்.

கூல்வெனுக்கு ஃபோன் செய்தேன்.
மணவிலக்கு ஆகி மூன்று வருடம்.
வீடு விற்றாயிற்று. நாய் அவனோடு.
பீங்கான் தட்டுகள் என்னோடு.
எழுபத்து நான்கில் கட்டிய இந்தப் படகை மட்டும்
வாங்க ஆளில்லை, வெட்டவும் முடியவில்லை.
ஒற்றைப்படை வாரம் எனக்கு,
இரட்டைப்படை அவனுக்கு.

ரப்பர் பூட்ஸோடு வந்தான். நலமா என்று கேட்கவில்லை,
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கே என்று கேட்டான்.

எஞ்சினுக்குப் பின்னே ஒரே ஆள்தான் நுழையலாம்.
நான் ஒல்லி.
டீசலும் பழைய உப்பும் கன்னத்தில் ஒட்ட,
கண்ணுக்கு எட்டாத கப்லிங்கை
விரலால் படித்தேன்:
மரையாணி இரண்டும் பால்பல்லாய் ஆடின.
பூட்டுக்கம்பி இல்லை.
சாவி இல்லை.

இந்தச் சாவி எதையும் திறக்காது.
சுண்டுவிரல் நீளத்தில் சதுர எஃகு,
பாதி தண்டிலும் பாதி கப்லிங்கிலுமாகக் கிடந்து,
ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றட்டும் என்று
நடுவில் நசுங்குவது.

"கம்பியை நீ கட்டியிருப்பாய் என்று நினைத்தேன்."
"அஸெனோர், நீ கட்டியிருப்பாய் என்று நானும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
நண்டு தேடி வந்த இரண்டு பிள்ளைகள்
புரொப்பெல்லரைக் குச்சியால் தட்டிப் பார்த்தார்கள்.
படகு முழுவதும் கேட்டது.

அடித்தட்டின் எண்ணெய்ச் சேற்றில் கை விட்டால்
சாவி அகப்பட்டது, மூலைகள் மழுங்கி.
கூடவே, ஐந்து வருடத்துக்கு முன்
நீதான் தொலைத்தாய், நீதான் தொலைத்தாய் என்று
ஓர் இரவு முழுக்க நாங்கள் கத்திய
கார்க் திருகி.
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சிப்பிப்படகு மெக்கானிக் லெனாயிக்
பாதி சாப்பாட்டில் எழுந்து வந்து
புதுச் சாவி அராவித் தந்தாள்.
கூலி, எங்கள் பழைய நங்கூரச் சங்கிலியில் நாலு மீட்டர்.

அவன் வெளியே மணலில் மண்டியிட்டு
புரொப்பெல்லரைத் தோளால் தள்ளினான்.
நான் உள்ளே.
"இன்னும்."
"இப்போது?"
"மயிரிழை. பொறு. திருப்பு. பொறு என்றேனே."
சாவி தன் பள்ளத்தில் உட்கார்ந்த சத்தம்
சோழி புரண்டதுபோல்
அவ்வளவு சின்னது.

இரண்டு இருபதுக்கு அவன் பூட்ஸைத் தண்ணீர் நக்கியது.
ஆணிகளை இறுக்கினேன்.
ஒன்று தளரப் பார்த்தால்
மற்றதை இழுத்து இறுக்கும்படி
இரண்டையும் துளையிட்டுக் கம்பி முறுக்கினேன்.
டார்ச்சை அவன் பிடித்தான். கை ஆடவில்லை.
மறுபடி நழுவினாலும் வெளியே போய்விடாதபடி
தண்டில் ஒரு வளையம் மாட்டச் சொன்னான்.
மாட்டினேன்.

மூன்றே கால். பெர்னிக் மிதந்தது.
முன்கியர். பின்கியர். கயிறுகள் முறுகின.
தண்டு நுழையும் இடத்தில் சொட்டு விழ வேண்டும்,
நிமிடத்துக்குப் பத்து.
ஒழுகாவிட்டால் உரசிச் சூடேறிவிடும்.
அவன் எண்ணி ஒன்பது என்றான்.
நான் எண்ணியது பதினொன்று.
பதிவேட்டில் இரண்டையும் எழுதினோம்,
அவரவர் கையெழுத்தில்.

நாளை இரட்டைப்படை வாரம்.
அறைக்கதவின் சாவியைக் கொடுத்தேன்.
கார்க் திருகியைக் கொடுக்கவில்லை.