ஏழரைத் தொன்

ஏழரைத் தொன் வகுப்பு என் லொறி.
சனியன் தானாக வந்து பிடிக்கவில்லை;
நாலாயிரம் யூரோ எண்ணிக் கொடுத்து
ஒரு போலந்துக்காரரிடம்
நானே போய்ப் பிடித்துவந்தேன்.
தொண்ணூற்றைந்தாம் வருட மெர்சிடிஸ்.

விடிய மூன்று மணிக்கு
டோர்ட்முண்ட் சந்தையில் வெண்டியும் பாவலும் ஏற்றி
ஹாகன், இசர்லோன், லூடன்ஷைட் என்று
கடை கடையாய் இறக்குவது அதன் பிழைப்பு.
என்னுடையதும்.

பரிசோதனை நிலையத்தில்
காதில் பென்சில் செருகிய ஒரு பெண்
புகைக்குழாய்க்குள் கம்பியை விட்டாள்.
மிதி என்றாள்.
மிதித்தேன்.
கூரை வளையில் இருந்த இரண்டு புறா
எழும்பிப் போயின.

மூன்று தசம் நான்கு.
இந்த வண்டிக்கு இரண்டரைதான் எல்லை.

எதை அளக்கிறாய் என்று கேட்டேன்,
சண்டைக்குத்தான்.
அவள் பெட்டியைத் தட்டிக் காட்டினாள்:
இந்தப் பக்கம் ஒரு விளக்கு,
அந்தப் பக்கம் ஒரு கண்,
நடுவில் உன் புகை.
விளக்கில் புறப்பட்ட வெளிச்சத்தில்
எவ்வளவு கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை,
அதுதான் கணக்கு.

சண்டை தொண்டையிலேயே நின்றது.
ஒரு மாதத் தவணை எழுதித் தந்தாள்.

செனாத் தன் கராச்சில்
காற்று வடிகட்டியைக் கழற்றித் தரையில் தட்டினான்.
இலைத்தூள், மணல்,
செட்டை குலையாத ஒரு குளவி.
ஊசிவாய் நாலில் இரண்டு பழுது.
தூறலாய் விழவேண்டிய டீசல்
ஒழுக்கு வீட்டுக் கூரைபோல் சொட்டுகிறது.
அறுநூற்று இருபது யூரோ என்றான்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு,
பம்பைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் தேறும்,
பிறகு வந்து தளர்த்திக்கொள் என்றான்.

மாற்று என்றேன்.
நல்லவன் என்பதால் இல்லை.
வருடா வருடம் ஒரு பொய்யை
இறுக்கவும் தளர்த்தவும் எனக்கு நேரமில்லை,
சாமான் ஏற்றவே நேரமில்லை.

மாற்றிக் கொண்டுவந்த பின்னேரம்
பின்முற்றத்தில் நிறுத்தி மிதித்துப் பார்த்தேன்.
குழாயில் அடைந்துகிடந்த பழைய கரி
ஒரே மூச்சில் வெளியே வந்தது.
வேலிக்கு அப்பால், கொடியில்,
ஹில்டகார்ட் ஓபர்மானின்
வெள்ளைப் படுக்கைவிரிப்பு.

எண்பத்தொரு வயது. கத்தவில்லை.
விரிப்பை இரண்டு கையாலும் விரித்து
அந்திவெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.
நான் அந்தப் பக்கம் நின்றேன்.
அவர் முகம் தெரியவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அடுத்த நாள் காலை, சோதனைக்கு முன்,
செனாத் சொன்னபடி ஏ-ஒன்றில் ஏறினேன்.
வூப்பர்ட்டால் பக்கத்து ஏற்றம்.
மேல் கியருக்குப் போகாதே, அலறட்டும் என்றிருந்தான்.
அலறியது.
பின்னால் வந்த கார்கள் எல்லாம்
ஹோர்ன் அடித்து என் பரம்பரையைக் கேட்டுப் போயின.
கண்ணாடியில் முதலில் கறுப்பு, பிறகு சாம்பல்,
பிறகு வெறும் றோட்டு.

அதே பென்சில், அதே கம்பி.
இரண்டு தசம் ஒன்று. ஒன்று தசம் எட்டு.
மூன்றாவது மிதிக்குப்
புறா இருந்த இடத்திலேயே இருந்தது.
ஒன்று தசம் எட்டு.

இலக்கத்தகட்டில் புது வட்டம் ஒட்டினாள்.
ஒரு வருடம்.

வரும் வழியில் ஒரு விரிப்பு வாங்கினேன்,
இருந்ததில் விலை கூடியது.
கதவைத் திறந்த ஓபர்மான்
பொதியைத் தொடவே இல்லை.
கறை தோடம்புளிச் சாற்றில் போய்விட்டது என்றார்.
என் தோளுக்கு மேலால் லொறியைப் பார்த்தார்.

என் தங்கை போகுமில் இருக்கிறாள்.
ஒரு அலுமாரி, தேக்கு, மூன்று கதவு.
சனிக்கிழமை கொண்டுபோய்த் தருவாயா?

தருகிறேன் என்றேன்.

புகைக்குமா?

ஒன்று தசம் எட்டு என்றேன்.
அது நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை.
விரிப்பை வாங்கி, மடிப்பைப் பிரித்து,
அலுமாரியைச் சுற்ற இது காணும் என்றார்.